நாவல் வரிசை: முதல் நூல் விதிக்கும் சட்டம்

ஒரே பாத்திரங்களோ, ஒரே குடும்பமோ, ஒரே கற்பனை நிலமோ தொடர்ந்து வரும்படி ஓர் எழுத்தாளர் எழுதும் பல நாவல்களின் தொகுதி நாவல் வரிசை எனப்படும். இவ்வரிசையில் ஒவ்வொரு நூலும் தனிக்கதையாக நிற்கலாம். ஒரு பெருங்கதையின் பகுதியாகவும் அமையலாம். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் வளர்ந்த இவ்வடிவம் இன்று துப்பறியும் கதை, வரலாற்றுப் புனைவு, அறிவியல் புனைவு ஆகிய வகைகளில் பெருவழக்காக உள்ளது.

வரிசை எழுதுவதில் ஒற்றை நாவலுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. ஒற்றை நாவலை எழுதுபவர் கடைசி அத்தியாயத்தை முடித்தபின் முதல் அத்தியாயத்தைத் திருத்தலாம். வரிசையை எழுதுபவருக்கு அந்த வசதி பெரும்பாலும் இல்லை. முதல் நூல் அச்சாகி வாசகர் கைக்குப் போய்விட்டால், அதில் போகிற போக்கில் எழுதப்பட்ட ஒரு வயது, ஒரு திருமணம், ஒரு மரணம் ஆகியவையும் பின்வரும் நூல்களைக் கட்டுப்படுத்தும் சட்டங்களாகிவிடுகின்றன. புகழ்பெற்ற வரிசைகளின் வரலாறு பெருமளவில் இச்சட்டங்களோடு அவற்றின் ஆசிரியர்கள் நடத்திய போராட்டத்தின் வரலாறே. புதிதாக வரிசை எழுதத் தொடங்குவோர் கற்க வேண்டியவை அவ்வரலாற்றில் உள்ளன.

தொடர்கதையும் நாவல் வரிசையும்

தமிழில் ‘தொடர்’ என்ற சொல் இரண்டு வேறு வடிவங்களையும் குறிப்பதால் முதலில் அவற்றைப் பிரித்தறிய வேண்டும். ஒரே நாவலைத் துண்டுகளாகப் பிரித்து இதழ்தோறும் வெளியிடுவது தொடர்கதை. பிரான்சில் 1836இல் தொடங்கப்பட்ட ‘லா பிரெஸ்’ நாளிதழ் அவ்வாண்டே பால்சாக்கின் நாவல் ஒன்றைத் தொடராக வெளியிட்டது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் சார்லஸ் டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ மாதப் பகுதிகளாக வரத் தொடங்கியது. தமிழில் பி.ஆர். ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வந்தது.

நாவல் வரிசை இதிலிருந்து வேறுபட்டது. தொடர்கதையில் ஒரு பகுதி முடியும்போது கதை முடிவதில்லை. வரிசையில் ஒரு நூல் முடியும்போது ஒரு கதை முடிகிறது. ஆனால் அதன் உலகம் முடிவதில்லை. தொடர்கதையின் வாசகர் அடுத்து என்ன நடக்கும் என்று காத்திருக்கிறார். வரிசையின் வாசகர் பழகிய மனிதர்களை மீண்டும் சந்திக்கக் காத்திருக்கிறார். ஆகவே பாத்திரங்களைப் பற்றி முன்னர் சொன்னது பின்னர் மாறினால் அவ்வாசகர் உடனே கண்டுகொள்கிறார்.

பால்சாக்: பின்னோக்கிக் கட்டப்பட்ட வரிசை

ஒரே பாத்திரங்களைப் பல நாவல்களில் உலவவிடும் முறையைப் பெரிய அளவில் கையாண்டவர் ஒனொரே தெ பால்சாக். 1834–35இல் வெளிவந்த ‘கோரியோ கிழவர்’ நாவலை எழுதும்போது அதன் நாயகனான ஏழை மாணவனுக்கு அவர் முதலில் மஸ்ஸியாக் என்று பெயரிட்டிருந்தார். கையெழுத்துப் படியின் நடுவில் அதை அடித்துவிட்டு ரஸ்தினியாக் என்று மாற்றினார். ரஸ்தினியாக் அவருடைய 1831ஆம் ஆண்டு நாவலில் நாகரிக இளைஞனாக ஏற்கெனவே தோன்றியவன். இந்த ஒரு பெயர் மாற்றத்தால் முந்தைய நாவலில் வந்த மனிதனுக்கு ஓர் இளமைப்பருவம் கிடைத்தது. இரண்டு நூல்களும் ஒரே உலகத்தின் பகுதிகளாயின.

அதன்பின் பால்சாக் தம் பழைய கதைகளின் புதிய பதிப்புகளில் பெயரில்லாத பாத்திரங்களுக்கும் வேறு பெயருடைய பாத்திரங்களுக்கும் தம் உலகத்து மனிதர்களின் பெயர்களைச் சூட்டினார். 1842இல் இவை அனைத்துக்கும் ‘மானுட நாடகம்’ என்று பொருள்படும் பொதுத்தலைப்பிட்டு முன்னுரையும் எழுதினார். 1845இல் அவர் வகுத்த பட்டியலில் 137 படைப்புகள் இருந்தன. 1850இல் அவர் இறந்தபோது ஏறத்தாழ 90 படைப்புகள் நிறைவுற்றிருந்தன. அச்சான தொகுதிகளின் தம் சொந்தப் படியிலும் அவர் கைப்பட மேலும் திருத்தங்கள் எழுதிவைத்திருந்தார்.

திட்டமிடாமல் தொடங்கிய வரிசையையும் பின்னோக்கிச் சீரமைக்க முடியும் என்பதற்குப் பால்சாக் சான்று. அதற்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. வெளிவந்த நூல்களை மீண்டும் மீண்டும் திருத்துவதில் அவருடைய உழைப்பின் பெரும்பங்கு செலவானது. அப்படியும் காலக்கணக்கு முரண்கள் முழுமையாகத் தீரவில்லை.

டிராலப்: வரைபடமும் ஒரு மரணமும்

இங்கிலாந்தில் அஞ்சல்துறை அதிகாரியாகப் பணியாற்றிய ஆந்தனி டிராலப் 1855இல் ‘தி வார்டன்’ என்ற சிறிய நாவலை வெளியிட்டார். பார்செட்ஷையர் என்ற கற்பனை மாவட்டத்துத் தேவாலய நகரம் ஒன்றே அதன் களம். அந்நகரத்துக்கு அவர் 1857இல் ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ நாவலில் திரும்பினார். 1867இல் முடிந்த ‘தி லாஸ்ட் கிரானிக்கிள் ஆஃப் பார்செட்’ வரை அவ்வரிசையில் ஆறு நாவல்கள் அமைந்தன. நான்காவது நாவலான ‘ஃப்ராம்லி பார்சனேஜ்’ எழுதும்போது மாவட்டத்தின் சாலைகள், ஊர்கள், மாளிகைகள் ஆகியவற்றைக் குறித்து அவரே ஒரு வரைபடம் வரைந்துகொண்டார். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு தொலைவு என்பது அதன்பின் நிலையாக நின்றது.

வரிசை எழுதுவோர் எதிர்கொள்ளும் இன்னொரு நெருக்கடியும் டிராலப்பின் வாழ்வில் நேர்ந்தது. அவர் தம் தன்வரலாற்றில் அதைப் பதிவு செய்துள்ளார். லண்டனில் உள்ள அதினியம் மன்றத்தில் அமர்ந்திருந்தபோது, இரண்டு மதகுருமார் தம் கதைகளைப் பற்றிப் பேசுவதை அவர் கேட்டார். டிராலப் ஒரே பாத்திரங்களைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார் என்று அவர்கள் குறைகூறினர். பேராயரின் மனைவியும் அதிகாரத் தோரணை மிக்கவளுமான திருமதி ப்ரவுடியை இருவரும் கடிந்தனர். டிராலப் எழுந்து சென்று தம்மை அறிமுகம் செய்துகொண்டு, வாரத்துக்குள் அவளைக் கொன்றுவிடுவதாகச் சொன்னார், அவ்வாறே செய்தார். பிற்காலத்தில் அம்முடிவுக்காக அவர் சில வேளைகளில் வருந்தியதும் அந்நூலில் உள்ளது. அவளை அவர் மிக நெருக்கமாக அறிந்திருந்தார். அவளைப் பற்றி எழுதுவதில் அவருக்கு மகிழ்ச்சி இருந்தது. இரண்டு வாசகரின் சலிப்பு எல்லா வாசகரின் சலிப்பும் அன்று என்பதை அந்த வருத்தம் காட்டுகிறது.

டிராலப்பிடம் கற்கத்தக்க மற்றொன்று சிறுபாத்திரங்களைப் பேணும் முறை. பார்செட்ஷையர் வரிசையின் ஐந்தாம் நூலில் ஓரமாக வந்துபோகும் ப்ளாண்டஜெனட் பாலிசர் என்ற இளம் அரசியல்வாதி, அடுத்து வந்த ஆறு நாவல்கள் கொண்ட பாலிசர் வரிசையின் மையமானார். அவ்வரிசையில் ஆண்டுகள் செல்லச் செல்ல அவருக்கும் வயதாகிறது, பதவிகள் வருகின்றன, போகின்றன, பிள்ளைகள் வளர்கிறார்கள்.

ஜோலா: திட்டமும் அதன் இறுக்கமும்

பால்சாக்கின் முறைக்கு நேரெதிரானது எமிலி ஜோலாவின் முறை. எழுதத் தொடங்கும் முன்பே, 1868–69இல், அவர் ஒரு முழு வரிசைக்கும் திட்டம் வகுத்துப் பதிப்பாளரிடம் அளித்தார். இரண்டாம் பேரரசுக் கால பிரான்சில் ஒரே குடும்பத்தின் கிளைகள் பல்வேறு சமூகத் தளங்களில் எப்படி வாழ்ந்தன என்பதே ‘ரூகோன்–மக்கார்’ வரிசையின் பொருள். பத்து நாவல்களாகத் திட்டமிடப்பட்டது 1871 முதல் 1893 வரை இருபது நாவல்களாக விரிந்தது. குடும்ப மரத்தையும் அவர் வரைந்து வைத்திருந்தார். 1878இல் ஒரு நாவலுடன் அதை வெளியிட்டார். 1893இல் கடைசி நூலான ‘டாக்டர் பஸ்கால்’ வெளிவந்தபோது திருத்திய வடிவில் மீண்டும் வெளியிட்டார்.

ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு தனிக்களம் என்பது அவருடைய விதி. பாரிஸின் மத்தியச் சந்தை, சலவைத் தொழிலாளரின் குடியிருப்பு, பெரும் பல்பொருள் அங்காடி, நிலக்கரிச் சுரங்கம், இருப்புப்பாதை என்று களங்கள் மாறின. அதனால் இருபது நூல்களில் எதை முதலில் எடுத்தாலும் வாசகர் தொடர முடிந்தது. சுரங்கத் தொழிலாளரைப் பற்றிய ‘ஜெர்மினல்’ நாவலைப் படிப்பவருக்கு அதற்கு முந்தைய பன்னிரண்டு நூல்களும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் முன்திட்டம் எல்லாவற்றையும் காக்கவில்லை. முதல் நாவல் 1870 ஜூனில் நாளிதழில் தொடராக வரத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில், பிரஷ்யாவுடனான போரில் தோற்று இரண்டாம் பேரரசு கவிழ்ந்தது. அந்த வீழ்ச்சி தம் வரிசைக்குத் தேவையான முடிவைத் தந்தது என்று ஜோலா கருதினார். ஆனால் அதனால் கதைக்காலம் பெரும்பாலும் 1851இலிருந்து 1870 வரையிலான ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் அடைபட்டது. மூன்று தலைமுறைகளின் வாழ்க்கை அந்தச் சிறிய இடத்துக்குள் நெருக்கியடித்து நிற்க வேண்டியதாயிற்று. பாரிஸ் நகரையே ஆட்டிவைக்கும் நானா 1850களின் தொடக்கத்தில் பிறந்தவள். பேரரசின் முடிவோடு 1870இல் இறக்கிறாள். அவள் வாழ்வு முழுவதும் இருபது வயதுக்குள் நடந்து முடிய வேண்டும்.

இன்னொரு நெருக்கடி 1890இல் வந்தது. ‘லஸ்ஸொம்வார்’ நாவலில் ஜெர்வேஸ் என்ற சலவைப்பெண் கிளோத், எத்தியேன் என்ற இரண்டு மகன்களுடன் பாரிஸுக்கு வருகிறாள். எத்தியேனைக் குற்றமும் இருப்புப்பாதையும் கலந்த நாவலுக்கு நாயகனாக்க ஜோலா எண்ணியிருந்தார். ஆனால் அதற்குள் அவனை ‘ஜெர்மினல்’ நாவலில் சுரங்கத் தொழிலாளியாகப் பயன்படுத்திவிட்டார். தொழிலாளர் போராட்டத்தின் தலைவனாக வாசகர் அறிந்தவனைக் கொலை வெறி பிடித்தவனாக்க இயலவில்லை. ஆகவே ஜாக் என்ற மூன்றாவது மகனைப் புதிதாகப் படைத்தார். அவனைத் தாய் ஊரிலேயே ஞானத்தாயிடம் விட்டுவந்ததாக விளக்கம் தந்தார். திருத்திய குடும்ப மரத்தில் ஜாக்குக்கும் ஓர் இடம் கிடைத்தது. முந்தைய நூலில் அவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கவனமாகத் திட்டமிட்ட எழுத்தாளருக்கும் அச்சான பக்கம் தடையாகும் என்பதற்கு இது தக்க சான்று.

கோனன் டாயில்: தனித்தனியாக முடியும் கதைகள்

இதழ் வாசகருக்கு ஏற்ற வரிசை வடிவத்தைத் தெளிவாகச் சிந்தித்து அமைத்தவர் ஆர்தர் கோனன் டாயில். ஷெர்லக் ஹோம்ஸ் 1887இலும் 1890இலும் வெளிவந்த இரண்டு நாவல்களில் அறிமுகமாகியிருந்தார். 1891இல் தொடங்கப்பட்ட ‘ஸ்ட்ராண்ட்’ மாத இதழுக்கு எழுத முனைந்தபோது டாயில் கருதியதை அவருடைய தன்வரலாறு விளக்குகிறது. தொடர்கதையில் ஓர் இதழைத் தவறவிட்ட வாசகர் ஆர்வம் இழந்துவிடுவார். ஒரே பாத்திரம் தொடர்ந்து வந்து, ஒவ்வொரு கதையும் அந்த இதழிலேயே முடிந்துவிட்டால், வாசகர் எந்த இதழையும் முழுமையாகச் சுவைக்கலாம். அந்தப் பாத்திரத்துக்காக அடுத்த இதழையும் வாங்குவார். 1891 ஜூலையில் இம்முறையில் முதல் சிறுகதை வெளிவந்தது. மொத்தம் 56 சிறுகதைகளும் 4 நாவல்களுமாக அவ்வரிசை 1927 வரை நீடித்தது.

வடிவத்தைச் சிந்தித்த டாயில் விவரங்களைக் குறித்துவைக்கவில்லை. முதல் நாவலில் டாக்டர் வாட்சனுக்குப் போரில் குண்டு பாய்ந்த இடம் தோள். இரண்டாம் நாவலில் அது கால். வாட்சனின் பெயர் ஜான். ஒரு சிறுகதையில் அவர் மனைவி அவரை ஜேம்ஸ் என்று அழைக்கிறாள். 1893இல் வந்த கதையில் பேராசிரியர் மோரியார்ட்டி என்ற பெயரையே வாட்சன் கேள்விப்பட்டதில்லை. அதற்கு முந்தைய காலத்தில் நடப்பதாக 1914–15இல் எழுதப்பட்ட ‘தி வேலி ஆஃப் ஃபியர்’ நாவலில் வாட்சன் அவரை நன்கு அறிந்திருக்கிறார்.

இரண்டாம் நாவலின் இறுதியில் வாட்சனுக்கு மண உறுதி செய்ததும் ஒரு தடையாயிற்று. ஹோம்ஸுடன் ஒரே வீட்டில் வசித்துக் கதை சொல்ல வேண்டியவர் மனைவியுடன் வேறு வீட்டுக்குப் போய்விட்டார். ஆகவே பல கதைகளை மணத்துக்கு முன் நடந்தவை என்று சொல்லவும், மற்றக் கதைகளில் மனைவி வெளியூர் போயிருப்பதாகச் சொல்லவும் நேர்ந்தது.

ஹோம்ஸ் தம்முடைய வரலாற்று நாவல்களை மறைத்துவிட்டார் என்று எண்ணிய டாயில் 1893 டிசம்பரில் அவரை ரைக்கன்பாக் அருவியில் வீழ்த்தினார். அதற்கு ஈராண்டு முன்பே அவர் அதைச் செய்ய நினைத்தபோது அவருடைய தாயார் தடுத்திருந்தார். 1901–02இல் ஹோம்ஸை வைத்து மீண்டும் ஒரு நாவல் எழுதியபோது, அது அருவி நிகழ்ச்சிக்கு முன் நடந்ததாக அமைத்தார். 1903இல் ஹோம்ஸ் உயிருடன் திரும்பினார். அத்திருப்பம் ஏற்கத்தக்கதாக இருந்ததற்குக் காரணம் 1893ஆம் ஆண்டுக் கதையின் அமைப்பு. அதில் வாட்சன் உடலைக் காணவில்லை. காலடித் தடங்களையும் ஒரு கடிதத்தையும் மட்டுமே கண்டார். பிணம் காட்டப்படாததால் கதவு அடைபடாமல் இருந்தது.

டாயிலின் முரண்களை வாசகர்கள் மன்னித்ததோடு நிற்கவில்லை. அவற்றையே விளையாட்டான ஆய்வுத் துறையாக வளர்த்தார்கள். ரொனால்ட் நாக்ஸ் 1911இல் படித்த கட்டுரை அதற்கு வழிகோலியது. ஆயினும் இதைப் பிழைகளுக்கான அனுமதியாகக் கொள்ளலாகாது. ஹோம்ஸின் ஆளுமையும் வாட்சனின் குரலும் வரிசை முழுவதும் மாறாமல் நின்றதால்தான் குண்டு பாய்ந்த இடம் மாறியது வேடிக்கையானது.

அகதா கிறிஸ்டி: வயது என்னும் சிக்கல்

முதல் நூலில் எடுத்த ஒரு சிறு முடிவு அரை நூற்றாண்டு தொல்லை தந்ததற்கு அகதா கிறிஸ்டியின் ஹெர்க்யூல் பொய்ரோ புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. 1920இல் வெளிவந்த முதல் நாவலில் பொய்ரோ பணி ஓய்வு பெற்ற பெல்ஜியக் காவல் அதிகாரி. முதல் உலகப்போரின் அகதியாக இங்கிலாந்துக்கு வந்தவர். அப்போது கிறிஸ்டிக்கு அது ஒரே ஒரு கதை. பின்னர் பொய்ரோ 33 நாவல்களிலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறுகதைகளிலும் தோன்றினார். கணக்குப் பார்த்தால் கடைசி நாவல்களில் அவருக்கு நூறு வயதைத் தாண்டியிருக்க வேண்டும். மூன்று நான்கு நூல்களோடு அவரை விட்டுவிட்டு இளையவர் ஒருவரைக் கொண்டு புதிதாகத் தொடங்கியிருக்க வேண்டும் என்று கிறிஸ்டி தம் தன்வரலாற்றில் எழுதினார்.

கதைசொல்லியான கேப்டன் ஹேஸ்டிங்ஸை அவர் கையாண்ட விதம் டாயிலிடமிருந்து வேறுபட்டது. 1923இல் வந்த இரண்டாம் பொய்ரோ நாவலிலேயே ஹேஸ்டிங்ஸுக்குத் துணை தேடித் தந்து அர்ஜென்டினாவுக்கு அனுப்பிவைத்தார். தேவைப்பட்டபோது மட்டும் அவர் இங்கிலாந்துக்குத் திரும்பி வந்தார். இதனால் கிறிஸ்டிக்கு வேறு கதைசொல்லிகளைப் பயன்படுத்தும் சுதந்திரம் கிடைத்தது. 1926இல் வந்த ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’ நாவலின் புதுமை அச்சுதந்திரத்தால் அமைந்தது.

பொய்ரோவின் இறுதிக்கதையான ‘கர்ட்டன்’ நாவலை கிறிஸ்டி இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே எழுதிப் பாதுகாப்பாக வைத்துவிட்டார். அது 1975இல் வெளிவந்தது. அவர் 1976 ஜனவரியில் மறைந்தார். முடிவை முன்கூட்டி எழுதிவைத்ததால் முதுமையோ நோயோ அவ்வரிசையைப் பாதியில் நிறுத்தவில்லை. அவரே படைத்த டாமி, டப்பென்ஸ் இணையருக்கு வேறு வழியை வைத்தார். 1922இல் இளைஞர்களாக அறிமுகமான அவர்கள் 1973இல் வந்த கடைசி நூலில் பேரப்பிள்ளைகள் உள்ள முதியவர்கள்.

எண்ணிக்கையும் காலமும்: இரண்டு பிற்காலத் தீர்வுகள்

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சில எழுத்தாளர்கள் முன்னோரின் சிக்கல்களை அறிந்தே தொடங்கினர். சுவீடனைச் சேர்ந்த மை ஷோவாலும் பேர் வாலூவும் இணைந்து எழுதிய மார்ட்டின் பெக் வரிசை 1965 முதல் 1975 வரை பத்து நாவல்களாக வந்தது. பத்து நூல்கள், ஒவ்வொன்றிலும் 30 அத்தியாயங்கள் என்பது தொடக்கத்திலேயே வகுத்த கணக்கு. ஸ்டாக்ஹோம் காவல் அதிகாரியான பெக்கின் மணவாழ்க்கை நூலுக்கு நூல் தேய்ந்து முறிகிறது. உடன் பணிபுரிவோர் வருகிறார்கள், விலகுகிறார்கள். ஒவ்வொரு நூலிலும் ஒரு வழக்கு முடிகிறது. பத்து நூல்களிலுமாகச் சுவீடன் சமூகம் மாறும் கதை நடக்கிறது. வாலூ 1975இல் மறைந்த ஆண்டிலேயே பத்தாவது நூல் வந்தது.

அமெரிக்க எழுத்தாளர் சூ கிராஃப்டன் 1982இல் தொடங்கிய வரிசையின் தலைப்புகள் ஆங்கில அகரவரிசைப்படி அமைந்தன. 26 எழுத்துகள் என்பதால் முடிவு எங்கே என்பது முதல் நூலிலேயே வாசகருக்குத் தெரிந்தது. பொய்ரோவுக்கு நேர்ந்த வயதுச் சிக்கலை அவர் கதைக்காலத்தை மெதுவாக நகர்த்தித் தீர்த்தார். 35 ஆண்டுகளில் நூல்கள் வந்தாலும் துப்பறிவாளர் கின்ஸி மில்ஹோனின் கதைக்காலம் 1980களைத் தாண்டவில்லை. 25ஆவது நூல் 2017இல் வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பரில் கிராஃப்டன் மறைந்தார். கடைசி எழுத்துக்குரிய நூல் எழுதப்படவில்லை. அவர் குடும்பத்தினர் வேறொருவரைக் கொண்டு அதை எழுதுவிக்க விரும்பவில்லை. வழக்குகள் ஒவ்வொரு நூலிலும் முடிந்துவிட்டதால், அந்த ஒரு நூல் இல்லாமலும் மற்ற 25 நூல்களும் முழுமையாக நிற்கின்றன.

தமிழில்

தமிழில் இதே சிக்கல்கள் வார இதழ்களின் வழியே எழுந்தன. கல்கி முதலில் எழுதிய வரலாற்று நாவல் ‘பார்த்திபன் கனவு’. அது 1941 முதல் 1943 வரை ‘கல்கி’ இதழில் வந்தது. அதன் பல்லவப் பேரரசர் நரசிம்மவர்மரின் இளமையையும் வாதாபிப் போரையும் சொல்லும் ‘சிவகாமியின் சபதம்’ 1944 முதல் 1946 வரை வெளிவந்தது. பின்னர் எழுதப்பட்ட நூலின் கதை முன்னர் நடப்பது. நரசிம்மவர்மர் போரில் பிழைப்பார், அவருக்கு மகள் பிறப்பாள் என்பவை முதல் நூலின் வாசகருக்கு ஏற்கெனவே தெரியும். ஆகவே கல்கி, அரசர் பிழைப்பாரா என்ற கேள்வியை விட்டு, முதல் நூலில் பேசப்படாத சிவகாமியின் வாழ்வில் கதையின் பாரத்தை வைத்தார். முன்கதை எழுத விரும்புவோர்க்கு இது சிறந்த வழிகாட்டி.

1950 முதல் 1954 வரை வந்த ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களாக முடிந்தபோது, பாத்திரங்கள் பலரின் பிற்கால வாழ்வு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்டனர். கல்கி முடிவுரையில் அவர்களுக்குப் பதில் கூறினார். அக்கதையின் தொடர்ச்சியாக விக்கிரமன் பின்னர் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார்.

சுஜாதாவின் வழக்கறிஞர் கணேஷ் 1960களின் இறுதியில் ‘நைலான் கயிறு’ நாவலில் தோன்றியபோது தனியாகவே வந்தார். இளைய துணைவர் வஸந்த் பின்னர் சேர்ந்தவர். துடுக்குப் பேச்சுடைய வஸந்த் வந்தபின்தான் கணேஷின் நிதானம் எடுப்பாகத் தெரிந்தது. முதல் நூலில் கணேஷைப் பற்றிக் குறைவாகவே சொல்லப்பட்டிருந்ததால், இப்படியொரு இணைப்புக்கு இடம் இருந்தது.

புதிய எழுத்தாளர்களுக்கு இவ்வரலாறு சொல்வன

மேற்கண்ட வரிசைகளிலிருந்து சில நடைமுறைப் பாடங்களைத் தொகுக்கலாம்.

முதல் நூல் முழுமையான கதையாக இருக்க வேண்டும். டிராலப்பும் கிறிஸ்டியும் முதல் நூலை ஒற்றை நாவலாகவே எழுதினர். முக்கியமான கேள்விக்கு விடையளிக்காமல் அடுத்த நூலுக்குத் தள்ளிவிடும் முதல் நூல், அடுத்த நூல் வராமற்போனால் அரைகுறையாக நின்றுவிடும்.

நாயகரின் வயதும் கதை நடக்கும் ஆண்டும் முதலிலேயே முடிவு செய்யப்பட வேண்டும். பாத்திரங்கள் வாசகரோடு முதிர வேண்டுமா, ஒரே வயதில் நிற்க வேண்டுமா, மெதுவாக நகர வேண்டுமா என்பதில் மூன்று வழிகளும் வெற்றி பெற்றுள்ளன. எதையும் தீர்மானிக்காமல் தொடங்குவதே தொல்லையில் முடிந்துள்ளது.

அச்சாகும் ஒவ்வொரு விவரத்தையும் ஆசிரியர் ஒரு குறிப்பேட்டில் பதிய வேண்டும். பெயர், பிறந்த ஆண்டு, உறவுமுறை, தழும்பு, வீட்டின் அமைப்பு, ஊர்களுக்கிடையேயான தொலைவு ஆகியவை அதில் இடம்பெறலாம். டிராலப்பின் வரைபடமும் ஜோலாவின் குடும்ப மரமும் அத்தகைய குறிப்பேடுகளே. டாயில் அப்படியொன்றை வைத்திருந்தால் வாட்சனின் காயம் இடம் மாறியிராது.

முதல் நூலில் தேவைக்கு மேல் எதையும் உறுதிப்படுத்தாமல் இருப்பது நல்லது. கதைக்கு வேண்டாத மணம், கதைக்கு வேண்டாத உடன்பிறப்பு எண்ணிக்கை, கதைக்கு வேண்டாத மரணம் ஆகியவை பின்னர் கையைக் கட்டும். சொல்லாமல் விட்டதைப் பின்னர் சொல்லலாம். சொன்னதை மாற்றுவது கடினம்.

பாத்திரத்தைக் கொல்வது ஆசிரியரின் சலிப்பினாலோ சில வாசகரின் குறையினாலோ நிகழக்கூடாது. சலிப்பு வந்தால் ஹேஸ்டிங்ஸைப் போல் பாத்திரத்தைத் தொலைவுக்கு அனுப்பலாம். பாலிசரைப் போல் ஓரத்தில் நிற்கும் ஒருவரை மையத்துக்குக் கொண்டுவரலாம்.

ஒவ்வொரு நூலிலும் புதிய வாசகர் ஒருவர் நுழைவார் என்பதை மறக்கலாகாது. முந்தைய கதைச்சுருக்கத்தை நீண்ட பத்திகளில் சொல்வதைவிட, ஜோலாவைப் போல் புதிய களத்தையும் புதிய கேள்வியையும் முன்வைத்தால், புதியவர் குழம்பமாட்டார், பழையவர் சலிப்படையமாட்டார்.

வரிசை எங்கே முடியும் என்பதைத் தொடக்கத்திலேயே தோராயமாகவேனும் அறிந்திருப்பது உதவும். கிறிஸ்டி முடிவை எழுதி வைத்தார்; ஷோவாலும் வாலூவும் எண்ணிக்கையை வகுத்தனர். ஜோலாவின் பத்து இருபதானதுபோல் எண்ணிக்கை மாறலாம். ஆனால் எந்தக் கேள்விக்கு விடை கிடைத்ததும் வரிசை முடியும் என்பது தெரிந்திருந்தால், இடையில் வரும் நூல்கள் வெறும் நீட்டிப்பாக மாறுவதில்லை.

இன்று மின்னூலாக வெளியிடுவோர் பால்சாக்கைப் போல் பழைய நூலை எளிதில் திருத்த முடியும். எனினும் ஏற்கெனவே படித்தவரின் நினைவைத் திருத்த முடியாது. ஆகவே முதல் நூலை வெளியிடும் முன் இரண்டாம் நூலின் முதல் வரைவையேனும் எழுதிப் பார்ப்பது பயன் தரும். முதல் நூலில் எந்த வரிகள் பின்னர் தடையாகும் என்பது அப்போது தெரியவரும். அவற்றை மாற்ற அந்நேரத்தில் ஒரு பேனா போதும்.